சிவப்பைத் தேடும் கேமரா

1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தார். ஒரே படத்துக்குச் சுமார் 50 நிமிட வெளிச்சம் தேவைப்பட்டது. இன்று சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும், பூமியின் சுழற்சிக்கு ஈடாக நகரும் மோட்டார் தாங்கியும் இருந்தால் ஆர்வலர்கள் அதைவிடத் தெளிவாக எடுத்துவிடுகிறார்கள்.

சூட்சுமம் அடுக்குவதில் இருக்கிறது. ஒரு நிமிடப் படங்கள் நூறை எடுத்து, 'டீப்ஸ்கைஸ்டேக்கர்' போன்ற இலவச மென்பொருளில் சராசரியாக்கினால், படத்துக்குப் படம் மாறும் புள்ளி இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். மாறாத நெபுலா துலங்கி எழும். எத்தனை அழகான கணக்கு!

ஒரு தடை உண்டு. நெபுலாவின் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் பலர் வடிகட்டியையே மாற்றுகிறார்கள். கேனான் நிறுவனமே 2012-இல் இவர்களுக்கென '60டிஏ' கேமராவை வெளியிட்டது.