உஷார்! பூஸ்ட் ஏறுகிறது, பெட்ரோல் ஏறுகிறதா?

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப் மேசைமேல் அந்தப் பிஸ்டனைப் பார்த்தேன். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினிய விளிம்பு, குறடு வைத்துக் கிள்ளியதுபோல் பெயர்ந்திருந்தது. மற்ற மூன்று பிஸ்டன்களில் ஒரு கீறல்கூட இல்லை. காரின் சொந்தக்காரர் முப்பது வயதுகூட நிரம்பாத பையன். "அண்ணே, ரீமேப் பண்ணி எட்டு மாசம் சூப்பரா ஓடுச்சுண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓடித்தான் இருக்கும். நாலாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் கொஞ்சம் அடைத்திருந்தது. கம்பெனி ட்யூனில் ஓடியிருந்தால் அந்த அடைப்பை என்ஜின் தாங்கிப் போயிருக்கும். பூஸ்ட்டை ஏற்றிய பிறகு தாங்குவதற்கு இடமில்லை. பெட்ரோல் போதாமல் தவித்த ஒரே ஒரு சிலிண்டர், முழு என்ஜினையும் பிரிக்க வைத்துவிட்டது.

டர்போ பெட்ரோல் கார் வைத்து ரீமேப் செய்தவர்களும் செய்யக் கிளம்பியிருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். (டீசல்காரர்கள் கதை வேறு. அங்கே ஆபத்து டீசல் கூடிப்போவதில் இருக்கிறது.)

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ என்ஜினை முழுசாக மிதிக்கும்போது இந்தக் கணக்கு மாறும். 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ என்று பெட்ரோலைத் தாராளமாக விட வேண்டும். கூடுதலாகப் போகும் அந்தப் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் சூட்டைத் தணிக்கிறது. பூஸ்ட்டை ஏற்றுவது என்றால் காற்றை ஏற்றுவது. ரீமேப்பில், என்ஜின் கம்ப்யூட்டரின் (ஈசியு) ஃபைலை லேப்டாப்பில் மாற்றிக் காற்றைக் கூட்டிவிடலாம். டேங்குக்குள் கிடக்கும் பம்ப் அப்படியேதான் இருக்கிறது. இன்ஜெக்டரின் துவாரமும் அப்படியேதான் இருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், பெட்ரோல் குறைய ஆரம்பித்ததும் வண்டி சோர்ந்து போவதில்லை. விகிதம் 12-லிருந்து 13-ஐ நோக்கி நகரும்போது இழுவை இன்னும் கொஞ்சம் கூடும். ஓட்டுகிறவருக்கு உற்சாகம் தாங்காது. அதே நேரத்தில் உள்ளே சூடு ஏறி, ஸ்பார்க் பிளக் பற்ற வைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கிறது. அதுதான் நாக். கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும். சமாளிக்க முடியாத அன்றைக்கு ரிங் விளிம்பு பெயரும், இல்லையென்றால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும்.

பம்ப் கணக்கைப் பாருங்கள். டர்போ பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 200 குதிரைத் திறனுக்கு, முழுசாக மிதித்த நிலையில், மணிக்கு 70 லிட்டருக்கு மேல் வேண்டும். 300 என்றால் 110 லிட்டர். "255 லிட்டர் பம்ப் போட்டாச்சு, கவலையே இல்லை" என்பார்கள். அந்த 255 ஒரு குறிப்பிட்ட பிரஷரில், முழு வோல்டேஜில் அளந்த எண். பூஸ்ட் 1.5 பார் ஏறினால், இன்ஜெக்டர்களுக்கு ஊட்டும் குழாயின் பிரஷரும் (ரெயில் பிரஷர்) 3 பாரிலிருந்து 4.5 பாருக்கு ஏற வேண்டும். பிரஷர் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு இறங்கும். பத்து வருடப் பழைய வயரிங் வழியாக பம்ப்புக்கு 13.5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட்டே போய்ச் சேர்ந்தால் இன்னும் இறங்கும். பெரிய பம்ப்பைப் போட்டுவிட்டுப் பழைய வயரையும் ரிலேவையும் அப்படியே விட்டால், பம்ப்புக்குக் கொடுத்த காசு பாதி வீண். மெல்லிய வயரில் கூடுதல் கரண்ட் ஓடி கனெக்டர் உருகுவது வேறு.

பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் அந்தச் சுண்டுவிரல் தடிமன் ஹோஸை யாரும் கவனிப்பதில்லை. பூஸ்ட் ஏறும் அளவுக்கே ரெயில் பிரஷரும் ஏற வேண்டும் என்று ரெகுலேட்டருக்குச் சொல்வது அதுதான். அது கழன்றோ வெடித்தோ இருந்தால், 1 பார் பூஸ்ட்டில் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 3 பார் இல்லை, 2 பார். பெட்ரோல் அளவு ஏறக்குறைய 18 சதவீதம் குறையும். என்ஜினைக் காலி செய்ய அது போதும்.

இன்ஜெக்டருக்கு நேரம்தான் எல்லை. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் முழுச் சுற்றுக்குக் கிடைப்பது 20 மில்லி விநாடி. அதில் 80, 85 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டர் திறந்தே கிடந்தால், அதற்குமேல் கேட்டாலும் அதனால் தர முடியாது. பெரிய இன்ஜெக்டர் போட்டால் மட்டும் ஆகிவிடாது. அதன் அளவையும், மின்சாரம் வந்தபின் திறக்க எடுக்கும் தாமதத்தையும் ஈசியுவுக்குச் சொல்ல வேண்டும். "அதே ஃபைலே போதும் சார்" என்கிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இதுவரை சொன்ன பிரஷர் கணக்கு, பெட்ரோலை இன்டேக்கில் பீய்ச்சும் கார்களுக்கு. இன்று ஷோரூமில் விற்கும் பல டர்போ பெட்ரோல் கார்களில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள், 200 பார், சிலவற்றில் 350 பார் பிரஷரில் பாய்கிறது. பீய்ச்சக் கிடைக்கும் நேரமோ இன்னும் குறைவு. கேம்ஷாஃப்ட்டால் ஓடும் ஹை பிரஷர் பம்ப் ஒன்று, அதற்கு ஊட்டிவிட டேங்குக்குள் லோ பிரஷர் பம்ப் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பலனில்லை. ஈசியு கேட்கும் ரெயில் பிரஷரும் நிஜத்தில் இருக்கும் ரெயில் பிரஷரும் மேல் ஆர்பிஎம்மில் பிரிய ஆரம்பித்தால், அன்றே பூஸ்ட்டைக் குறையுங்கள்.

நம் ஊரில் இதோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்கு என்று வைத்த இலக்கை 2025-லேயே எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் இந்தக் கலவைக்கு 14.7 செல்லாது, சுமார் 13.5 தான். சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். எத்தனாலால் ஆக்டேன் கூடுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் இருந்த பெட்ரோலில், இன்ஜெக்டரின் விளிம்புவரை இழுத்து ட்யூன் செய்த காருக்கு மிச்சம் இருந்த இடத்தை இந்த 20 சதவீதம் தின்றுவிட்டது. அந்த ஃபைலோடு இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் பதம் பார்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் போனால் பணத்தோடு போகும். பெட்ரோல் கசிந்தால் ஆளையும் கொண்டுபோகும். மிதித்து ஓட்டிய டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் தணல்போல் சிவக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிய சாதா ஹோஸும் திருகு கிளாம்ப்பும் போட்டு ஃப்யூவல் லைன் போகும் கார்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜெக்‌ஷன் பிரஷருக்கென்று செய்த ஹோஸ், அதற்கான கிளாம்ப் மட்டும்தான் போட வேண்டும். டேங்குக்குள் முழுகிக் கிடக்கும் துண்டுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்10 தரம் வேண்டும். வெளியில் போடும் ஹோஸை உள்ளே போட்டால் ஊறி, உப்பி, கிழியும். அப்போது பம்ப் ஓடும், பிரஷர் இருக்காது. டேங்கைத் திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் லைனை, பிரஷரை இறக்காமல் ஸ்பானர் வைத்துத் தொடவே தொடாதீர்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பாதி விலைக்குக் கிடைக்கும் பம்ப்பும் இன்ஜெக்டரும் போலியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பெட்டியும் ஸ்டிக்கரும் அசலைவிடப் பளபளப்பாக இருக்கும். இன்ஜெக்டர்களை பெஞ்சில் வைத்து நான்கும் ஒரே அளவு பீய்ச்சுகிறதா என்று அளந்து பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வரையறுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே. சொல்லாமல் மாற்றிய வண்டி எரிந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் இடமிருக்கிறது. வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே ரீமேப் செய்தாகிவிட்டதா? இந்த வாரமே வண்டியை டைனோவில் ஏற்றுங்கள். ரோட்டில் மிதித்துப் பார்க்க வேண்டாம். இன்று பங்கில் போடும் அதே பெட்ரோலோடு, ரெட்லைன்வரை ஓட்டி, வைட்பேண்ட் சென்சார் காட்டும் காற்று-பெட்ரோல் விகிதம், ரெயில் பிரஷர், இன்ஜெக்டர் திறந்திருக்கும் சதவீதம், சிலிண்டர் வாரியாக நாக் இவற்றின் லாக்கைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கையில் வரும்வரை முழு பூஸ்ட்டில் மிதிக்காதீர்கள். புதிதாக ரீமேப் செய்யப் போகிறவர்கள், அந்தத் தாளைக் காட்ட முடியாத ட்யூனரிடம் வண்டியை விடாதீர்கள்.