விதை காத்தவரிடம் தங்கிய பூ

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களோடு பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் கவலையொன்றுண்டு. வீடு போனது, காணி போனது, மாடு கன்று போனது என்று சொல்லி வருபவர்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "விதையையும் எடுத்துவர முடியவில்லை" என்பார்கள். காணி மீண்டாலும் அந்த விதை மீளுமா என்பதே அவர்களது ஏக்கம். இக்கவலையை மனதிற்கொண்டே தூரதேசத்துப் பூச்செடி ஒன்றின் கதையை இங்கு சொல்ல விரும்புகிறோம்.

அதன் பெயர் லிசியாந்தஸ். தாவரவியலாளர் அதனை யூஸ்டோமா என்பர். ஜென்ஷியன் என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நமது வரண்ட தரைகளில் தானாக முளைக்கும் வெள்ளறுகும் இதே குடும்பந்தான்.

தாயகத்தில் அரிதான கதை

லிசியாந்தஸின் தாயகம் அமெரிக்காவின் தென்பகுதிப் புல்வெளிகளும் மெக்சிக்கோவின் வடபகுதியுமாகும். மணிபோல் விரியும் அதன் ஊதாப் பூக்கள் மீது டெக்சாஸ் மக்களுக்குப் பெரும் பிரியம். 1930ஆம் ஆண்டில் அங்குள்ள ஐஸ்கிறீம் நிறுவனமொன்று தன் பெயரையே இப்பூவின் பெயராக மாற்றிக்கொண்டது.

இவ்வளவு விரும்பப்பட்ட பூ புல்வெளிகளில் அரிதாகிவிட்டது. புல்வெளிகள் உழப்பட்டதும் கட்டடங்கள் எழுந்ததும் ஒரு காரணம். அழகுக்காகக் கண்டவரெல்லாம் பறித்தது இன்னொரு காரணம். பூத்த தண்டை வெட்டினால் காய் இல்லை. காய் இல்லையேல் விதை இல்லை. சொற்ப காலமே வாழும் இச்செடிக்கு விதைதானே அடுத்த தலைமுறை!

1930களில் இதன் விதை ஜப்பானுக்குச் சென்றது. அங்குள்ள கமக்காரர் பூவை விற்றதோடு நின்றுவிடவில்லை. புதுநிறம் காட்டிய செடியையும், தண்டு உறுதியாக வளர்ந்த செடியையும் தேர்ந்து, அவற்றின் விதையை வேறாக எடுத்து மீண்டும் விதைத்தார்கள். இவ்வாறு வெள்ளை, இளஞ்சிவப்பு, அடுக்கிதழ் எனப் பல இனங்கள் தோன்றின. 1980களில் ஜப்பானிய விதை நிறுவனங்களின் கலப்பினங்கள் உலகெங்கும் பரவின. தாயகத்தில் இப்பூவைச் செய்கைபண்ணுவோரும் இன்று பெரும்பாலும் ஜப்பானில் உருவான இனங்களையே விலைக்கு வாங்குகின்றனர்.

பொறுமை கேட்கும் பயிர்

இதன் விதை தூசி போன்றது. 1 கிராமில் ஏறக்குறைய 20,000 விதைகள் அடங்கும். முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டுமாதலால் மண்ணால் மூடாமல் மேலாகவே தூவவேண்டும். முளைக்க இரண்டு வாரம் வரை செல்லும். நடத்தக்க நாற்றாவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆணிவேர் மடங்கினால் செடி தேறாது. ஆகையால் வேர் சுருளுமுன் நட்டுவிடவேண்டும். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது.

நாற்றுப் பருவத்தில் வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநாள் நீடித்தால் தண்டு நீளாது. இலைகள் நிலத்தோடு படிந்து, செடி அப்படியே குந்திவிடும். கமக்காரருக்கு இது நட்டம், செடிக்கோ தற்காப்பு. குளிர் வரும்வரை அது உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. ஜப்பானியர் இதனை அறிந்து, நனைத்த விதையை 10 பாகைக் குளிரில் ஏறக்குறைய ஐந்து வாரம் வைத்தபின் வளர்க்கும் முறையைக் கண்டனர். அவ்வாறு வளர்ந்த நாற்று வெப்பத்திலும் தண்டு விடுகிறது.

நமக்கு என்ன?

வன்னி வெயிலில் லிசியாந்தஸ் நடுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அது குளிர்ந்த இடத்துப் பயிர். நாம் சொல்ல வருவது வேறு. ஒரு பயிர் பிறந்த மண்ணிலேயே அரிதாகலாம்; விதையைத் தேர்ந்து காப்பவரிடம், அந்நிய மண்ணிலும் அது தழைக்கும்.

காணி இல்லாதபோதும் இதைத் தொடங்கலாம். வேலியோரத்தில் பத்துப் பயிற்றங்கொடியோ நாலு தக்காளிச் செடியோ போதும். இவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், நாட்டு இனமாயின் விதை தாய்ச்செடியைப் போலவே வரும். கடையில் வாங்கிய கலப்பினத்தின் விதை அவ்வாறு வராது. கறிக்குப் பறித்து மிஞ்சிய கடைசிக் காயை விதைக்கு விடவேண்டாம். நோயற்ற நல்ல செடியில் முதலிலேயே துணித்துண்டு கட்டி, அதன் காயை முற்றவிடுங்கள். விதையை நிழலில் நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரமற்ற போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். இனத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

இன்னுமொன்று. விதையை ஒரே வீட்டில் வைக்கவேண்டாம். ஒரு பங்கை அயல்வீட்டிலும், இன்னொரு பங்கை வேறூரில் உள்ள உறவினரிடமும் கொடுத்துவையுங்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்ற இடத்தில் இருக்கும். மறுபடி ஓடவேண்டி வந்தாலும், கேட்டு வாங்க ஒரு வீடு இருக்கும்.