காரட் இல்லை ஸார், கவனம்!

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. மழை விட்டதும் குபுகுபுவென்று பச்சை. "யாரோ காரட் போட்டிருக்கா போலிருக்கே!" என்றார் பக்கத்து வீட்டு மாமி. இலை அச்சு அசல் காரட்தான். கிட்டே போய்ப் பார்த்தால்... பார்த்தீனியம்!

இன்னொரு பெயர் காங்கிரஸ் புல். வெள்ளைப் பூ கதர்க் குல்லா மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு கோஷ்டி, அவர்கள் ஆட்சியில் வந்ததால் என்று இன்னொரு கோஷ்டி. நமக்கெதற்கு வம்பு! அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1955ல் புனேயில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு ஓசியில் வந்திறங்கியதாகப் பேச்சு.

ஆபீஸ் ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஓரத்தில் இருந்தால் நமக்குத் தும்மலோடு போயிற்று. கிராமத்து மேய்ச்சல் நிலத்தில் நுழைந்தால் புல்லையே விரட்டிவிடும். ஆடு மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். பசி தாங்காமல் தின்ற மாட்டின் பால் கசக்கும். நாலு ஆட்டை நம்பிப் பிழைக்கிறவன் எங்கே போவான்?

முதலில் தரையோடு வட்டமாக விரியும். அப்புறம் நடுவிலிருந்து வரிவரியாய்த் தண்டு. உச்சியில், காலிஃபிளவரைப் பிய்த்துத் தூவின மாதிரி குட்டி குட்டி வெள்ளைப் பூ. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரே செடி 10,000 விதைக்கு மேல் போடும். நான் பி.காம்., கூட்டு வட்டியெல்லாம் பார்த்தவன். எனக்கே தலை சுற்றியது!

ஆகவே பூக்கும் முன் பிடுங்குங்கள். மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு. மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கையுறை கட்டாயம். நான் வெறுங்கையோடு வீரம் காட்டினேன். மூன்று நாள் ஒரே சொறி. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் எழுந்து நின்றுகொண்டார். சிலருக்கு மூச்சிரைப்பே வந்துவிடும்.

பயிர் இல்லாத இடமா? லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயிலில் தெளித்தால் கருகும். வயலில் வேண்டாம், மண் கெட்டுவிடும். மழைக்கு முன்னால் தகரை விதையைத் தூவி வைத்தால் அது முந்திக்கொண்டு வளர்ந்து இதை அமுக்கும்.

1984ல் பெங்களூரில் மெக்ஸிகோ வண்டு ஒன்றை இதன் மீது ஏவினார்கள். இலையை மொட்டையடிக்கிறது. சூரியகாந்தியையும் கடிக்கிறதாமே என்று நடுவில் ஒரு சர்ச்சை! மழைக்காலத்தில்தான் அதற்கு டியூட்டி. வெயில் வந்தால் மண்ணுக்குள் லீவு.

போன ஞாயிறு கையுறையோடு மனையில் இறங்கினேன். சொந்தக்காரர் ஓடி வந்தார். "என் இடத்துல என்ன சார் பண்றீங்க?"

இன்னொரு ஜோடி உறையை அவரிடம் நீட்டினேன்.