கடலிலிருந்து விண்ணுக்கு: கட்டளை எட்டாத தூரம்

விண்வெளிச் சாகசக் கதைகளில் வரும் கேப்டன் ராக்கெட் காலத்தில் பிறந்தவர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாய்மரப் போர்க்கப்பல்களை நடத்திய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளே அவருக்கு மூதாதையர். ஜேம்ஸ் குக், ஹொரேஷியோ நெல்சன், தாமஸ் காக்ரேன் போன்றோரின் வாழ்க்கை முதலில் கடல் நாவல்களுக்குள் போனது. அங்கிருந்து விண்கலம் ஏறியது. பதவிப் பெயர்கள், சீருடை, விசில் ஊதி வரவேற்கும் சடங்கு எல்லாம் கூடவே வந்தன. இவற்றைவிடக் கதைக்காரர்களுக்குக் கைகொடுத்தது, மேலிடத்தைக் கேட்டு நடக்க வழியில்லாத தூரம்.

அந்தத் தூரம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழகக் கடற்கரையே சாட்சி. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே சுஃப்ரெனின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் எட்வர்ட் ஹியூஸின் 18 பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்படிக்கையில் இரு நாடுகளும் ஜனவரியிலேயே கையெழுத்திட்டுவிட்டன. அந்தச் செய்தி கடலூருக்கு வந்துசேர ஜூன் மாதக் கடைசி ஆகிவிட்டது. செத்தவர்கள் முடிந்துபோன போரில் செத்தார்கள்.

நிகோபார்த் தீவுக்கூட்டத்தில், கட்சால் தீவுக்குக் கிழக்கே, கமோர்ட்டாவுக்கும் நான்கௌரிக்கும் நடுவே உள்ள இயற்கைத் துறைமுகமும் இந்தத் தூரத்தை அறியும். தரங்கம்பாடியிலிருந்து டேனியர்கள் 1750களில் நிகோபாருக்கு உரிமை கொண்டாடி வந்தார்கள். காய்ச்சல் அவர்களை மீண்டும் மீண்டும் விரட்டியது. 1778இல் ஆஸ்திரியக் கொடியோடு வந்த கப்பலொன்று சிலரை இறக்கிவிட்டுப் போனது. அந்தக் குடியேற்றமும் சில ஆண்டுகளில் கலைந்தது. பின்னால் வந்த கப்பல்கள் வேறு மாதிரி. டென்மார்க்கின் ‘கலதேயா’ 1846இலும் ஆஸ்திரியாவின் ‘நொவாரா’ 1858இலும் நிகோபாரில் நங்கூரமிட்டன. இரண்டும் கடற்படைக் கப்பல்கள். இரண்டிலும் அறிவியலாளர்கள் இருந்தார்கள். செடி, பூச்சி, மொழி, மனிதர் என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார்கள். பீரங்கியும் ஆய்வுக்கூடமும் ஒரே கலத்தில் இருக்கும் விசித்திரம் இன்றைய பார்வையாளருக்குத் தொலைக்காட்சியில் பழகிப்போன ஒன்று.

கடல் நாயகனைக் கதைக்கு ஏற்றவனாக வார்த்தவர் சி. எஸ். ஃபாரஸ்டர். அவருடைய ஹொரேஷியோ ஹார்ன்பிளோயர் 1937இல் ‘தி ஹேப்பி ரிட்டர்ன்’ நாவலில் அறிமுகமானார். பெயரில் நெல்சனின் எதிரொலி. துணிச்சலில் காக்ரேனின் சாயல். ஆனாலும் கடல் நோயால் அவதிப்படுகிற, தன்னைத் தானே சந்தேகிக்கிற, யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாத மனிதர். அந்த நாவலின் முடிச்சே தாமதமான செய்திதான். ரகசியக் கட்டளையோடு பசிபிக் கடலுக்குப் போன ஹார்ன்பிளோயர், எதிரியான ஸ்பெயினின் பெரிய கப்பலொன்றைப் பிடித்து உள்ளூர்க் கலகக்காரனிடம் ஒப்படைக்கிறார். அதன் பிறகே ஸ்பெயின் நட்பு நாடாகிவிட்டது என்று தெரிகிறது. பிடித்துக் கொடுத்த கப்பலோடு அவரே மறுபடி போரிட வேண்டியிருக்கிறது. கடலூரில் நடந்தது சோகம்; அதையே ஃபாரஸ்டர் கதைப்பொறியாக மாற்றினார்.

ஜீன் ராடன்பெரி 1964இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்கு எழுதிய முன்மொழிவில் தன் நாயகனுக்கு உவமையாகச் சொன்னது ஹார்ன்பிளோயரைத்தான். வானொலி இருக்கும் காலத்தில் கேப்டனைத் தனிமைப்படுத்துவது எப்படி என்பதே அவருடைய குழுவுக்கு இருந்த சிக்கல். தலைமையகத்துக்குச் செய்தி போய்த் திரும்ப நேரமாகும் தொலைவில் கப்பலை வைத்து அதைத் தீர்த்தார்கள். 1966 டிசம்பரில் ஒளிபரப்பான ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ பகுதியில், போர் மூளக்கூடிய முடிவை கேப்டன் கிர்க் தானே எடுக்கிறார். உங்கள் முடிவு எதுவானாலும் துணை நிற்போம் என்ற பதில், எல்லாம் முடிந்த பிறகு வந்துசேர்கிறது. 1982இல் ‘தி ராத் ஆஃப் கான்’ படத்தை இயக்கிய நிக்கோலஸ் மெயரும் ஹார்ன்பிளோயர் வாசகரே. அதில் விண்மேகத்துக்குள் இரு கலங்கள் ஒன்றையொன்று காணாமல் துழாவும் சண்டை, விண்வெளிப் படங்களில் மிகச் சிறந்த கடற்போர்.

டேவிட் வெபர் 1993இல் தொடங்கிய ஹானர் ஹாரிங்டன் நாவல் வரிசை கடனை மறைக்கவே இல்லை. நாயகியின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் ஹார்ன்பிளோயருடையவை. நெல்சனைப்போல ஒரு கண்ணையும் ஒரு கையையும் இழக்கிறாள். முதல் நாவல் ஃபாரஸ்டருக்கே காணிக்கை. கலங்களுக்குப் ‘பாய்’ கூட உண்டு. மரபின் மீதான பற்று இங்கே சற்று மிகையாகிறது.

இந்த மரபின் நேர்த்தியான நாவலை எழுதியவர் இலங்கையில் வாழ்ந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பிய தமிழர்களில் சிலர் கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். அவர்கள் பிரிந்த அந்த நாட்டில் 1956 முதல் குடியிருந்தவர் ஆர்தர் சி. கிளார்க். திருகோணமலைக் கடலில் மூழ்கிப் பழகிய அவருக்குக் கடலும் விண்ணும் ஒரே பொருளாகவே இருந்தன. 1964இல் வெளியான சிறுகதையொன்றில், சூரிய ஒளியின் அழுத்தத்தால் நகரும் பாய்மர விண்கலங்களுக்குப் பந்தயம் வைத்தார். 1973இன் ‘ராண்டவூ வித் ராமா’வில் வரும் விண்கலத்தின் பெயர் ‘எண்டெவர்’. அதன் தளபதி நார்ட்டன் குக்கின் பக்தர். அவருடைய பயணக் குறிப்புகளில் ஊறியவர். அந்நியக் கலத்துக்குள் இருக்கும் கடலைக் கடக்கக் கட்டிய மிதவைக்கு ‘ரெசல்யூஷன்’ என்று பெயர்; அதுவும் குக்கின் கப்பல். நார்ட்டன் யாரையும் சுடுவதில்லை. அளக்கிறார், குறிக்கிறார், நேரம் முடிந்ததும் வெளியேறுகிறார். சண்டைக்காரக் கேப்டன்களைவிட இவரே குக்குக்கு நெருக்கமானவர்.

கற்பனையோடு இது நிற்கவில்லை. 1971இல் அப்பல்லோ 15 கலத்துக்கு ‘எண்டெவர்’ என்று பெயரிட்டார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2006இல் ஏறிய ‘டிஸ்கவரி’யும் குக்கின் கப்பல் பெயரைத் தாங்கியது. கட்சாலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2000 ஜனவரி 1 அன்று, கிரீன்விச் நேரப்படி ஆண்டு பிறக்கும் கணத்தில் சூரியன் உதிக்கும் இடமாக இத்தீவு பேர்பெற்றது; இந்தியக் கடிகாரத்தில் அப்போது காலை 5.30. அந்தக் கிரீன்விச் வானாய்வகம் 1675இல் நிறுவப்பட்டது, நடுக்கடலில் தீர்க்கரேகை அறியாமல் தவித்த மாலுமிகளுக்காக.

பாய்மரக் காலத்திலிருந்து விண்வெளிக் கதைகள் வாங்க மறுத்ததும் ஒன்று உண்டு. கப்பல் வந்து நின்ற கரையில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். அவர்களோடு மூண்ட மோதலில்தான் 1779இல் ஹவாயில் குக் இறந்தார். நிகோபாரியர்களைக் கேட்டு எந்தக் கொடியும் ஏறவில்லை. இந்த உறுத்தலுக்குப் பதிலாக ‘ஸ்டார் ட்ரெக்’ 1967இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: வளர்ந்துவரும் பிற உலகச் சமூகங்களில் தலையிடக் கூடாது. கிர்க் அதை வசதிப்படி வளைத்தது வேறு கதை. இந்தியாவோ 1956இலேயே அந்தமான் நிகோபார் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் பிறப்பித்திருந்தது. நிகோபார் தீவுகளின் பெரும்பகுதி அதன்படி பழங்குடி ஒதுக்கிடம். கட்சாலுக்குள் போக வெளியாருக்கு அனுமதிச்சீட்டு வேண்டும்.