மண்ணுக்குள் மறைந்திருக்கும் கேபிள்

கொடைக்கானலில் பேரி மரக்கன்று நடக் குழி தோண்டுகிறீர்கள். மண்வெட்டி வரிசையாய்ப் பதித்த செங்கற்களில் இடிக்கிறது. இடையே மணல்; அதனடியில் கறுப்பாக ஏதோ ஒன்று. தண்ணீர்க் குழாயா, மின்சாரக் கேபிளா?

செங்கல்லே விடை சொல்லும். கேபிளைச் சுற்றி மணல் நிரப்பி, மேலே செங்கல் அல்லது ஓடு பரப்புவது வழக்கம். தோண்டுவோருக்கு அது எச்சரிக்கை.

இந்தியத் தர விதிப்படி வீட்டு மின்னழுத்தக் கேபிளுக்கு மேல் 75 செ.மீ. மண்ணும், 11,000 வோல்ட் கேபிளுக்கு மேல் 90 செ.மீ. மண்ணும் இருக்கவேண்டும். ஆனால் பழனி மலைச்சரிவுகளில் மழை மேல்மண்ணை அரித்துவிட்டால் அந்த ஆழம் குறைந்துவிடும் அல்லவா?

தொடாமலே மின்சாரத்தை அறியலாமா? மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாவதை 1820-இல் எர்ஸ்டெட் கண்டார். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டுவதை 1831-இல் பாரடே காட்டினார். கேபிள் தேடும் கருவிகள் பல இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். விளக்குகள் அணைந்திருக்கும்போது கேபிளில் மின்னோட்டம் இராது, காந்தப்புலமும் இராது, கருவி மௌனமாயிருக்கும். மின்னழுத்தமோ அங்கேயே காத்திருக்கும்!

ஆகவே, அறியாத கேபிள் எதையும் மின்சாரம் உள்ளதாகவே கருதுங்கள். செங்கல்லைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தி விலகுங்கள். பெரியவர்கள் மூலம் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.