மைலேஜ் 18 என்றார்கள், 12 தான் கிடைக்கிறது!

மணிலா அறுவடை முடிந்த கையோடு மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வந்தார். டிக்கா நோயோ, விதை மணிலா விலையோ கேட்பார் என்று நினைத்தேன். “சார், இது பயிர்ச் சமாச்சாரம் இல்ல” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பெட்ரோல் பங்க் ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பினார்.

வீட்டுக்காரம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, சிறிய பெட்ரோல் லோடு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். மாதத் தவணை 12,000 ரூபாய். சொந்த மூட்டைகளை விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றுவது, மீதி நாளில் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து அகல்விளக்கு, பொம்மைகளை வாடகைக்கு ஏற்றுவது என்பது திட்டம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைக்கும் என்று சொன்னதை நம்பி மாதச் செலவைக் கணக்குப் போட்டிருக்கிறார். கிடைப்பது 12. “கோளாறு வண்டியிலயா, என்கிட்டயா, பங்க்லயா சார்?” என்றார்.

மெக்கானிக் பார்த்துவிட்டு வண்டியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். கேள்வி-பதில் பகுதிக்கும் இதே மாதிரிக் கேள்விகள் வருவதால், அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 18 எப்படி வருகிறது என்று பார்ப்போம். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். எந்த நொடியில் எந்த வேகம் என்பது முன்பே வகுத்த அட்டவணை. மொத்தம் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, ரயில்வே கேட் கிடையாது. முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த வகைச் சிறிய வண்டிகளைப் பாரம் ஏற்றிய கணக்கில் சோதிப்பதில்லை. காலி வண்டி எடையோடு 150 கிலோ சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு ஆள் எடை. 10 மூட்டை நெல்லை ஏற்றி மண் பாதையில் வருகிறவருக்கு அந்த எண் பொருந்தாது. அது பொய்யான எண் இல்லை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட உதவும். ஆனால் அதை வைத்து வீட்டு வரவுசெலவு போடக்கூடாது.

அமெரிக்க விவசாயிகள் வைத்திருக்கும் கனரக பெட்ரோல் பிக்அப்புகளின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே கார்களின் கண்ணாடியில் மைலேஜ் எண்ணை ஒட்டியே விற்க வேண்டும். ஆனால் மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,850 கிலோவுக்கு மேற்பட்ட பிக்அப்புக்கு அந்த ஒட்டுத்தாள் கட்டாயமில்லை. அதனால் வாங்கியவர்களே டேங்க் நிரப்பி, கணக்கு எழுதி, தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். ஃபோர்டு நிறுவனத்தின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 2020 மாடலில் வந்தது. நம் குட்டி யானையின் பெட்ரோல் எஞ்சின் 694 சி.சி., அதாவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாதிரி வண்டிகள் காலியாக ஓடினால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரம். பின்னால் டிரெய்லரை மாட்டினால் மூன்று, நான்கு என்று இறங்கிவிடும். வண்டி எவ்வளவு பெரிதானாலும் பாரம் தன் பங்கைக் கேட்கத்தான் செய்யும்.

நம்மவருக்கு வருவோம். அவருடைய 12-ஐயும் நான் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 500 ரூபாய்க்குப் போட்டு, முள் இறங்கியதும் மறுபடி 500 ரூபாய்க்குப் போட்டு எடுத்த கணக்கு அது. முள்ளை நம்பி மைலேஜ் பார்ப்பது, கண்ணால் பார்த்து மூட்டை எடை சொல்வது மாதிரி.

சரியான முறை இதுதான். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே இடத்தில் மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். ஒருமுறை போதாது, மூன்று டேங்க் பாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் பங்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சண்டை போட வேண்டியதில்லை, கேட்டாலே போதும். டயரைப் பெரிய அளவுக்கு மாற்றியிருந்தால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதையும் மனதில் வையுங்கள்.

இவர் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். மூன்று டேங்க் சராசரி 13-க்குச் சற்று மேல். அதைவிட அவர் குறிப்பில் வேறொன்று கண்ணில் பட்டது. மூட்டை ஏற்றிய நாள்களைவிட பொம்மை ஏற்றி உளுந்தூர்பேட்டை வழியாக நெடுஞ்சாலையில் போன நாள்களில் பெட்ரோல் அதிகம் போயிருக்கிறது. “எடையே இல்லாத சரக்கு சார் அது” என்று ஆச்சரியப்பட்டார். எடை இல்லைதான். ஆனால் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகள் கேபினுக்கு மேல் இரண்டடி உயரம் நின்றன, தார்ப்பாய் வேறு படபடவென்று அடித்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-ல் போகிற வண்டியை 80-ல் ஓட்டினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. பெட்டிகளை ஓர் அடுக்கு குறைத்து, தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, 60-ஐத் தாண்டாமல் போகச் சொன்னேன். மூட்டை ஏற்றும் நாளில் கவனிக்க வேண்டியது டயர் காற்று. முன்னும் பின்னும் ஒரே அளவு அடிப்பது நம் பழக்கம். பாரத்துக்குப் பின் டயரில் எவ்வளவு வேண்டும் என்பது வண்டியிலேயே அச்சிட்டு ஒட்டியிருக்கும்.

இன்னொரு காரணம் நம் வயலிலிருந்தே வருகிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பும், வேப்பூர் பக்கம் நாம் போடுகிற மக்காச்சோளமும்கூட எத்தனாலுக்குப் போகிற சரக்குதான். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்பில் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறையும். அந்தக் கலப்புக்கென்றே வடிவமைத்த எஞ்சின் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், பழைய வண்டிக்கு அது முடியாது. விளைபொருளுக்குச் சந்தை கிடைத்தது, மைலேஜில் கொஞ்சம் போனது.

டீசல் வாங்கியிருக்கலாமோ என்றும் கேட்டார். டீசலில் லிட்டருக்கு ஆற்றல் கூடுதல், பாரம் இழுப்பதும் சுலபம். ஆனால் வண்டி விலையும் பராமரிப்பும் கூடும். மாதம் முழுக்கப் பாரத்தோடு ஓடுகிறவருக்கு டீசல், குறைவாக ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் என்பது என் கருத்து. சி.என்.ஜி. என்றால் நிரப்பும் பங்க் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். அதைக் கிலோவில் விற்கிறார்கள், லிட்டரோடு நேராக ஒப்பிடக்கூடாது.

இப்போது காசுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். விற்பனைக்கூடம் 25 கிலோமீட்டர் தூரம். 75 கிலோ மூட்டை 10 ஏற்றிப் போகையில் 12 கிலோமீட்டர், காலியாகத் திரும்புகையில் 17 கிடைத்தால், போக வர 355 ரூபாய் ஆகும். மூட்டைக்கு 35 ரூபாய் 50 காசு. நான்கு மூட்டையோடு போனால் போகும்போது 14.5 கிடைக்கிறது என்று வைப்போம். செலவு 319 ரூபாய். மைலேஜ் ஏறியிருக்கிறது, மூட்டைக்குச் செலவோ 80 ரூபாய். அதற்காக 10 மூட்டை ஏற்றும் வண்டியில் 15 ஏற்றிவிடாதீர்கள். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 தனி.

சொந்த மூட்டைக்காக மட்டும் மாதம் நான்கு நடை போகிறவருக்கு, 14-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 180 ரூபாய்கூட வராது. அவருடைய 40 மூட்டைக்குத் தவணை மட்டும் மூட்டைக்கு 300 ரூபாய் விழும். அவர் வண்டி வாங்கவே வேண்டாம், வாடகை வண்டி பிடிப்பது மேல். நம்மவர் அப்படியில்லை, மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 18 கிடைத்தால் பெட்ரோலுக்கு 13,900 ரூபாய். 12 என்றால் 20,800. கிட்டத்தட்ட 7,000 ரூபாய் இடிக்கிறது, தவணையில் பாதிக்கு மேல். 13 வந்தாலும் 19,200 ஆகிவிடும். வாடகையைப் பழைய கணக்கிலேயே பேசிவைத்திருந்ததுதான் அவர் பிரச்சினை.

அடுத்த நாளே பொம்மைக் கம்பெனிக்காரர்களிடம் நோட்டைக் காட்டிப் பேசியிருக்கிறார். ஒருவர் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார், இன்னொருவர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது காலியாக வராமல் உரக்கடைக்குச் சரக்கு ஏற்றவும் ஏற்பாடு செய்திருக்கிறார். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. தை மாதத்துக்குள் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை 13-ஐ வைத்து.