கூடத்திலே ஒரு படகு!

வீட்டிலே ஊறுகாய் போடலாம், வடாம் இடலாம், ஸ்வெட்டர் பின்னலாம். பொறுமை இருந்தால் நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மைகூடச் செய்துவிடலாம். ஆனால், "எங்கள் கூடத்தில் பாய்மரப் படகு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம், தை மாதத்துக்குள் முடிந்துவிடும்" என்று அடுத்த வீட்டு அம்மாள் வந்து சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "பாவம், நன்றாகத்தானே இருந்தாள்!" என்றுதானே?

இங்கிலாந்தில் 1963-ஆம் வருஷம் தொடங்கி எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் படகு கட்டின. கட்டியவர்கள் தச்சர்கள் அல்ல, பிரபுக்களும் அல்ல. ஆலைத் தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள். கட்டிய இடம் கார் நிறுத்தும் கொட்டகை. அது இல்லாதவர்களுக்கு வீட்டின் ஓர் அறை. காலமோ, கை விரல்கள் விறைக்கும் பனிக் காலம்.

தச்சு வேலையின் வாசனையே அறியாதவர்கள் கையில் படகு எப்படி உருவாயிற்று? ஊசியும் நூலும் பிடித்துப் பழகிய உங்களுக்கு அந்த ரகசியம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கிவிடும்.

பனி மூடிய நாடு

முதலில் அந்தக் குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1962-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெய்யத் தொடங்கிய பனி, 1963 மார்ச் முதல் வாரம் வரையில் அந்த நாட்டை விட்டபாடில்லை. 1740-ஆம் வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு குளிர்காலத்தை இங்கிலாந்து கண்டதில்லை. வாசலில் வைத்த பால் புட்டிக்குள்ளேயே உறைந்தது. குழாய்கள் உறைந்து வெடித்தன. கென்ட் ஜில்லாவில் ஹெர்ன் பே என்ற ஊரில் கடற்கரையோரமாகக் கடல் நீரே உறைந்து போயிற்று.

வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. ஓர் அறையில் கணப்பு எரியும்; குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

அந்த 1963 ஜனவரியில்தான், லண்டனில் நடந்த படகுக் கண்காட்சியில் 'மிர்ரர்' என்ற குட்டிப் படகு ஜனங்களுக்கு அறிமுகமாயிற்று. நீளம் 10 அடி 10 அங்குலம். அகலம் 4 அடி 7 அங்குலம். எடை சுமார் 45 கிலோ. படகை வாங்குவதற்குப் பதிலாக, அளவாக வெட்டிய பலகைகளையும் மற்றச் சாமான்களையும் கட்டாக வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். விலை 63 பவுன் 11 ஷில்லிங். அன்றைய நாணய மாற்றுக் கணக்கில் நம் பணம் சுமார் 850 ரூபாய். அங்கே ஒரு தொழிலாளியின் நான்கு வாரச் சம்பளம். சுலபமான தொகை அல்ல. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்துவிடக்கூடிய தொகை.

மூவர் கூட்டு

இந்தப் படகுக்குப் பின்னால் ஒரு பத்திரிகையும் இரண்டு மனிதர்களும் இருந்தார்கள். பத்திரிகை, 'டெய்லி மிர்ரர்'. அந்நாளில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற தினசரி. உழைப்பாளிகள் விரும்பிப் படித்த ஏடு. படகின் பெயர் அதனிடமிருந்து வந்ததுதான். பாய்களுக்குச் சிவப்பு நிறமும் அதனால்தான்.

மனிதர்களில் ஒருவர் ஜாக் ஹோல்ட். சிறு படகுகளுக்கு வடிவம் அமைப்பதில் பேர்போனவர். 1956-இல் வேறொரு பத்திரிகைக்காக நீலப் பாயுடன் 'எண்டர்பிரைஸ்' என்ற படகை வரைந்து கொடுத்தவரும் அவரே.

மற்றவர் பாரி பக்னெல். இவருக்குப் புகழ் வந்தது தண்ணீரில் அல்ல, டெலிவிஷனில். வீட்டுச் சுவரை எப்படிச் சீர்செய்வது, அலமாரியை எப்படிப் பொருத்துவது என்று பி.பி.சி.யில் செய்து காட்டுவார். 1962-இல் லண்டனை அடுத்த ஈலிங்கில் இருந்த பாழடைந்த வீடு ஒன்றை வாரா வாரம் காமிராவுக்கு முன்னால் பழுதுபார்த்துக் காட்டினார். ஆணி அடிக்கத் தெரியாதவனையும் அடிக்க வைத்துவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது.

"சாதாரண மனிதன், சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் கட்டும்படியான படகு" - இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம்.

ரவிக்கை தைப்பது போல!

அதற்கு முன் மரப் படகு கட்டுவதென்றால் லேசான வேலையா? முதலில் முதுகெலும்பு மாதிரி அடிக்கட்டை. அதிலிருந்து விலா எலும்புகளைப் போல வளைந்த சட்டங்கள். பிறகு பலகைகளை ஆவியில் வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் இழைத்துப் பொருத்த வேண்டும். ஒரு நூலிழை தவறினாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வருஷக்கணக்கில் குருவிடம் கற்றால்தான் கை வரும். தொழிலாளி வீட்டுக்குப் படகு வராமல் தடுத்தது இந்த வித்தைதான். அதற்குக் கொடுக்க வேண்டிய கூலியும் படகின் விலையில்தானே ஏறும்?

பக்னெல் அதைச் சுற்றிக்கொண்டு வந்தார். கனமான கட்டைக்குப் பதிலாக, சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள, தண்ணீருக்கு விட்டுக்கொடுக்காத ப்ளைவுட் பலகைகளை எடுத்துக்கொண்டார். அவற்றை ஒன்றோடொன்று தைத்துவிட்டார்! ஆம், தைத்துத்தான்.

ரவிக்கைத் துணியை எப்படி வெட்டுகிறீர்கள்? விரித்துப் போட்டால் தட்டையாக இருக்கிறது. ஆனால் ஓரங்களை வளைவாக வெட்டி, வளைவோடு வளைவைச் சேர்த்துத் தைத்து, வேண்டிய இடத்தில் டக் பிடித்துவிட்டால் அதே தட்டைத் துணி தோளுக்கும் கைக்கும் இணங்கி எழுந்து நிற்கிறது. வளைவு துணியில் இல்லை. வெட்டிலும் தையலிலும் இருக்கிறது.

படகும் அப்படித்தான். பலகைகளின் ஓரங்கள் கணக்காக வளைத்து வெட்டப்பட்டிருக்கும். ஓரத்தை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகள். இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்து, துளைகளில் செப்புக் கம்பித் துண்டுகளைக் கோத்து, குறட்டால் முறுக்க வேண்டும். கம்பியை இறுக்க இறுக்க, தரையில் கிடந்த பலகைகள் தாமாகவே வளைந்து மேலெழும். அச்சு இல்லை, ஆவி இல்லை. ஒரு மாலைப் பொழுதில் படகின் உருவம் கண்ணெதிரே வந்து நின்றுவிடும்.

ஆனால் இந்தக் கம்பித் தையல் நிரந்தரமல்ல. துணியை மிஷினில் கொடுப்பதற்கு முன் கையால் பெரிய பெரிய தையலாக ஓட்டி வைக்கிறோமே, அந்த மாதிரி. பிறகு உள்பக்கம் இணைப்பு நெடுகக் கண்ணாடி நார் நாடாவை ஒட்டி, ரெஸின் என்ற செயற்கைப் பிசினை அதில் ஊற வைப்பார்கள். அது இறுகிக் கல்லாகிவிட்டதும், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கம்பிகளை வெட்டி எறிந்து, உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்பக்கமும் நாடா ஒட்டுவார்கள். படகைப் பிடித்து நிறுத்துவது கடைசியில் இந்த நாடாவும் பிசினும்தான்.

சென்னைக் கடற்கரையின் பழைய தையல்

"தைத்த படகா? அதிசயமாயிருக்கிறதே!" என்று நீங்கள் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. நம் கொள்ளுப் பாட்டிகள் காலத்துச் சென்னைக் கடற்கரையில் இது அதிசயமே அல்ல. சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மனிதர்களையும் மூட்டைகளையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளை இரும்பாணி கொண்டு அடிப்பதில்லை. தென்னங் கயிற்றால் தைப்பார்கள். அலை ஓங்கி அறைந்தால் ஆணி அடித்த விறைப்பான படகு பிளந்துவிடும். தைத்த படகோ சற்று நெளிந்துகொடுத்துப் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தையல் ஒரு படி. இங்கே தையலே படகு. லண்டன்காரர்கள் நம்மைப் பார்த்துச் செய்தார்கள் என்று பெருமை அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் பலகையைத் தைக்கலாம் என்ற எண்ணம் நம் கரைக்கு எத்தனை பழையது என்று தெரிந்துகொள்வதில் சந்தோஷம் இல்லாமற் போகுமா?

குளிரோடு மல்லு

ஏன் குளிர் காலத்தில் கட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே ஏரியிலும் கடலிலும் பாய் விரித்து விளையாடும் பருவம், ஈஸ்டர் சமயத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். வசந்தத்தில் படகு வேண்டுமானால், நீண்ட குளிர்கால இரவுகளில்தான் அதைக் கட்டியாக வேண்டும். வெளியே போக வழியில்லாத காலம் கை வேலைக்கு ஏற்ற காலம்தானே?

ஆனால் அந்தக் குளிரே பெரிய சத்துரு. ரெஸினில் இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து பூச வேண்டும். அறை நல்ல வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 20 டிகிரி சென்டிகிரேடாக இருந்தால் அது ஒழுங்காக இறுகும். பத்து டிகிரிக்குக் கீழே போய்விட்டால், முற்றாத பாகு மாதிரி பிசுபிசுவென்று நின்றுவிடும். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். மைசூர்ப் பாகு கெட்டால் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிடலாம். இது கெட்டால் சுரண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து! ஈரமும் ஆகாது. பலகையில் பனி கசிந்திருந்தால் பிசின் பிடிக்காது.

சரி, கதவு ஜன்னலைச் சாத்தி அறையைச் சூடாக்கலாம் என்றால், ரெஸினின் நெடி தலையைச் சுற்ற வைக்கும். உடம்புக்குக் கெடுதல், தீப்பற்றக்கூடியதும் கூட. ஜன்னலைத் திறந்தால் நெடி போகும். கூடவே சூடும் போய்விடும். குளிர்காலப் படகுக்காரர்களின் நித்தியப் பிரச்சினை இது. பிசின் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி இளக்கிக்கொள்வது, அறையை முன்னதாகவே சூடாக்கிப் பலகையின் குளிரைப் போக்குவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து ஒரு முழம் இரு முழமாக ஒட்டுவது - இவையெல்லாம் அவர்கள் கைக்கொள்ளும் யுக்திகள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தனித் தீவில் அகப்பட்டுக்கொண்ட ராபின்ஸன் குரூஸோ பெரிய மரத்தைக் குடைந்து ஓடம் செய்துவிட்டு, அதைக் கடலுக்கு இழுத்துப் போக முடியாமல் விழித்தான் அல்லவா? மிர்ரர் படகின் அகலம் சாதாரண அறைக் கதவைவிட அதிகம். ஒருக்களித்துச் சாய்த்து வெளியே கொண்டுபோக வழி உண்டா என்று, முதல் பலகையைத் தொடுவதற்கு முன்பே கதவை அளந்து பார்த்துவிட வேண்டும்.

குழந்தையை ஏற்றலாமா?

பலகை தைத்தாயிற்று, வார்னிஷும் பூசியாயிற்று. பிறகு வருகிறது உண்மையான கேள்வி. இதுவரை படகில் காலே வைக்காத ஒருவர், தம் கையால் ஒட்டிய ஒன்றில் தம் குழந்தையை ஏற்றித் தண்ணீரில் விடுவதா? தாய் மனம் சம்மதிக்குமா?

இதை வடிவம் அமைத்தவர்கள் எண்ணாமல் விடவில்லை. படகின் முன்னும் பின்னும் பக்கங்களிலும் தண்ணீர் புகாத காற்றறைகள் உண்டு. உட்காரும் இடங்களே அந்த அறைகளின் மேல்மூடிகள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காது. நிமிர்த்தி, தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். பாய்மரமும் இரண்டு துண்டு: கீழே குட்டையான மரம், அதன்மேல் ஏறி நிற்கும் இன்னொரு கழி. இரண்டையும் கழற்றினால் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். சின்னக் காரின் கூரையில் கட்டி எடுத்துப் போகலாம்.

இவ்வளவையும் செய்தபின் படகு தானாகவே வாழ்ந்துவிடாது. ப்ளைவுட்டின் வெட்டு ஓரத்தில் தண்ணீர் ஏறினால் பலகை உளுத்துப்போகும். கீறல் விழுந்த இடத்தை உடனுக்குடன் அடைத்து, வருஷா வருஷம் பூச்சுக் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். கட்டியவர்களுக்கு அதில் ஒரு சௌகரியம்: எந்தப் பலகை எங்கே சேருகிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். பழுது பார்க்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இது வரை 70,000-க்கும் மேற்பட்ட மிர்ரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. பிரிட்டனோடு நில்லாமல் அயர்லாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளுக்கும் பரவின. ஏ. ஜே. மக்கின்னன் என்ற ஆசிரியர் 1997-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷைர் ஜில்லாவிலிருந்து இந்தக் குட்டிப் படகில் கிளம்பி, கால்வாயும் கடலும் நதியுமாக ஏறக்குறைய 4,900 கிலோமீட்டர் கடந்து, கருங்கடல் வரையில் போய்ச் சேர்ந்தார். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். எல்லாரும் கருங்கடலுக்குப் போகவில்லை. பெரும்பாலோர் ஊர்ப்பக்கத்து ஏரியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். அதற்கு முன் கரையில் நின்று பிறருடைய பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

உங்களுக்குப் படகு கட்டும் உத்தேசம் இல்லாதிருக்கலாம். ஆனால் லீவு நாளில் குழந்தைகள் "பொழுது போகவில்லை" என்று பிடுங்கினால் இதைச் செய்து பாருங்கள். பழைய காலண்டர் அட்டையில் ஒரே அளவாக இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். மேல் ஓரம் நேராகவும், கீழ் ஓரம் பிறைச் சந்திரனைப் போல வளைவாகவும் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வளைந்த ஓரத்தை மட்டும் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். பிறகு மேலே நடுவில் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே கொடுத்து விரியுங்கள். தட்டை அட்டை எழுந்து ஓடமாகிவிடும். தையல் ஓரத்தில் கொஞ்சம் மெழுகை உருக்கி விட்டால், அண்டாத் தண்ணீரில் மிதக்கவும் செய்யும்.